குடும்ப வரலாறு தேட இலவசத் தளங்கள்: எது எதற்குச் சரிப்படும்?

கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியும், ஏறக்குறைய எந்த ஆண்டில் இறந்தார் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பழைய புகைப்படம் ஒன்றிரண்டு கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இணையத்தில் தேட உட்கார்ந்தால் தளத்துக்கு மேல் தளமாக வந்து நிற்கும். எல்லாமே இலவசம் என்று சொல்லும், பாதி மின்னஞ்சல் முகவரி கேட்கும், சிலது கடன் அட்டை எண்ணையும் கேட்கும். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். "ஃபேமிலிசர்ச் நல்லதா, விக்கிட்ரீ நல்லதா, இல்லை நேராக அரசு ஆவணக் காப்பகத்துக்கே போய்விடலாமா? ஒன்றைச் சொல்லுங்கள், போதும்" என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி.

ஒன்றை மட்டும் சொல்வது கஷ்டம், ஏனென்றால் இவை ஒரே வேலையைச் செய்யும் தளங்களே இல்லை. ஒன்று பழைய பதிவேட்டின் படத்தையே கண்முன் வைக்கும். இன்னொன்று, அந்தப் பதிவேட்டைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்த வரியைத் தரும். மூன்றாவது, அப்படிப்பட்ட நாலு வரிகளைப் படித்துவிட்டு வேறொருவர் எடுத்த முடிவைத் தரும். மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு ஊர். நம்பகம் மட்டும் ஒன்றல்ல. மூலப் பதிவுக்கு எந்தத் தளம் உங்களை மிக அருகில் கொண்டுபோகிறதோ அதற்குத்தான் முதலிடம் என்பது என் கட்சி. எத்தனை கோடிப் பெயர்கள் இருக்கின்றன என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான். கிடைப்பது மூலத்தின் படமா, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த அட்டவணை வரியா, இன்னொருவரின் முடிவா?

இரண்டாவது, உங்களுக்கு வேண்டிய இடமும் காலமும் அதில் இருக்கின்றனவா. அந்த வட்டாரத்தின் அந்த இருபது ஆண்டுப் பதிவேடு இல்லாவிட்டால், மற்ற கோடிக்கணக்கான பெயர்களால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பெயரைப் போட்டுத் தேடுவதற்கு முன்பே அந்தத் தளத்தின் தொகுப்புப் பட்டியலைத் திறந்து, எந்த ஊர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, பல மாலைகளை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, இலவசம் என்றால் எந்த அளவுக்கு? கணக்கே இல்லாமல் பார்க்கலாமா, கணக்குத் தொடங்கினால் போதுமா, குறிப்பிட்ட நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் திறக்குமா, பதினாலு நாள் கழித்து அட்டையிலிருந்து பணம் போகுமா? நான்கையும் இலவசம் என்றுதான் எழுதுகிறார்கள்.

நான்காவது, நீங்கள் உள்ளே போடுவது யார் கைக்குப் போகிறது? உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், பிறந்த ஊர் ஆகியவை வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கும் அதே தகவல்கள். குடும்ப மரம் வரைகிற உற்சாகத்தில் அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லோரையும் தேதியோடு ஏற்றிவிடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை.

ஐந்தாவது, போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? குடும்ப மரங்களுக்கு ஜெட்காம் என்று ஒரு பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது, 1984 முதல் புழக்கத்தில் உள்ளது. ஒரு தளத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் அதுதான் வழி.

## ஃபேமிலிசர்ச்

பிந்தைய நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை, அதாவது மோர்மன் திருச்சபை, நடத்தும் தளம் இது. 1894-இல் வம்சாவளி ஆய்வுக்கென ஒரு சங்கம் அமைத்து, 1938-இலிருந்து உலகம் முழுக்கப் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் (மைக்ரோஃபிலிம்) பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 24 லட்சம் சுருள்கள். அவற்றை மின்படமாக மாற்றும் வேலை 2021-இல் முடிந்தது. ஒரு கணக்கு மட்டும் தொடங்கினால் போதும், அட்டை எண் கேட்பதில்லை, கட்டணப் பிரிவு என்று ஒன்றும் கிடையாது. இடப்பரப்பில் இதற்கு ஈடான இலவசத் தளம் வேறில்லை.

பெரும்பாலோர் முகப்பில் இருக்கும் தேடல் பெட்டியில் பெயரைப் போட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி தேடுவது அட்டவணைப்படுத்திய பதிவுகளை மட்டும்தான். அட்டவணை போடாத படங்கள் எக்கச்சக்கமாக உள்ளே கிடக்கின்றன. அவற்றுக்குப் போக, பட்டியல் என்ற பகுதியில் ஊரின் பெயரைப் போட்டு, அந்த ஊருக்கு என்னென்ன பதிவேடுகள் உண்டு என்று பார்த்து, ஒன்றைத் திறந்து, காகிதப் புத்தகத்தைப் புரட்டுவது போலவே பக்கம் பக்கமாகப் போக வேண்டும். பல பதிவேடுகளின் கடைசியில் அந்தக் காலத்து எழுத்தரே எழுதிவைத்த பெயர் வரிசை இருக்கும், அதை முதலில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். 2024-இல் முழு உரைத் தேடல் என்று ஒன்றும் வந்திருக்கிறது. கையெழுத்தைக் கணினியே படித்து, உயில், நிலப்பத்திரம் போன்றவற்றின் உள்ளே இருக்கும் பெயர்களையும் காட்டுகிறது. உங்கள் மூதாதை வேறொருவரின் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பழைய தேடலில் அது ஒருநாளும் அகப்படாது, இதில் அகப்படும். எல்லா மொழியையும் எல்லாத் தொகுப்பையும் அது இன்னும் தொடவில்லை.

பெயர்களை ரோமன் எழுத்தில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பதிவுகளில் தேடுபவர்கள் உடுக்குறியையும் (*) கேள்விக்குறியையும் (?) பழகிக்கொள்ளுங்கள். உடுக்குறி எத்தனை எழுத்துக்கும் நிற்கும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கு நிற்கும். குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாத மரபுகளில் இன்னொரு வழி உண்டு. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, தந்தை பெயரையும் ஊரையும் மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். சில படங்களின் மேல் பூட்டு இருக்கும். பதிவேட்டின் உரிமையாளரோடு செய்த ஒப்பந்தப்படி அவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க முடியும். பயணம்தான் அங்கே கட்டணம். அடுத்தது பொது மரம். இதில் உலகத்துக்கே ஒரு மரம்தான், இறந்தவர்களின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரே பெயருள்ள இருவரை யாரோ ஒருவராக இணைத்துவிட்டால் உங்கள் பாட்டிக்குத் திடீரென்று வேறு ஊரில் இரண்டு கணவர்கள் முளைப்பார்கள். மாற்ற வரலாற்றுக்குப் போய்ப் பழைய நிலைக்குத் திருப்பலாம். உங்களுக்கு முக்கியமானவர்களைப் பின்தொடரும்படி குறித்துவைத்தால் மாற்றங்கள் மின்னஞ்சலில் வரும். இதையெல்லாம் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் விலை. ஆகவே பதிவுகளை அங்கே தேடுங்கள், மரத்தை அங்கே மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்தே உள்ளே போவது நல்லது. இந்தத் திருச்சபை குடும்ப வரலாற்றில் இவ்வளவு உழைப்பதற்குக் காரணம் அவர்களின் சமய நம்பிக்கை. இறந்த முன்னோருக்காக உறுப்பினர்கள் தங்கள் ஆலயங்களில் சடங்கு செய்வார்கள். அது உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனத்தைத் தொந்தரவு செய்யும் என்றால், பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டு மரத்தில் யாரையும் சேர்க்காமல் இருக்கலாம். பதிவுகளைப் பார்க்க மரம் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

## அரசு ஆவணக் காப்பகங்கள்

எந்த நாடு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் என் முதல் வாக்கு இதற்குத்தான். மூலத்தை வைத்திருப்பவர்களே படம் எடுத்துப் போடுகிறார்கள், நடுவில் யாரும் இல்லை, உங்களிடமிருந்து எதையும் கேட்பதும் இல்லை. ஆனால் நாட்டுக்கு நாடு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை முழுவதுமாக இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பெயரைச் சொடுக்கியவுடன் வருவது தட்டச்சு வரி. அதோடு நிற்காமல் அடியில் உள்ள மூலப் படிவத்தைத் திறந்தால், குடும்பத் தலைவர் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட தாளே தெரியும். எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த மொழி பேசுவார்கள், 1911 என்றால் திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை குழந்தை பிறந்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது வரை அதில் உண்டு. ஒரு தாய் ஒன்பது என்று எழுதி அடுத்த கட்டத்தில் ஐந்து என்று எழுதியிருந்தால், எந்த மரத்திலும் இல்லாத நான்கு குழந்தைகளை நீங்கள் இனித் தேட வேண்டும்.

இந்த இரண்டு கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். பத்தே ஆண்டு இடைவெளியில் பல முதியவர்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது கூடியிருக்கும். நடுவில் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது, எழுபது வயதானால்தான் பணம். வயதை நிரூபிக்கப் பிறப்புப் பதிவு இல்லாத தலைமுறை அது. அதனால்தான் ஒரே ஒரு மூலத்தில் உள்ள வயதைப் பிறந்த ஆண்டாக மாற்றி மரத்தில் எழுதிவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மூலத்தின் படமே கையில் இருந்தாலும், அந்த மூலம் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று பார்த்தாக வேண்டும்.

நார்வேயின் டிஜிட்டலார்க்கிவெட் தேவாலயப் பதிவேடுகளையும் கணக்கெடுப்புகளையும் இலவசமாகத் தருகிறது. சுவீடனின் தேசியக் காப்பகமும் 2018 முதல் அப்படித்தான். அமெரிக்காவில் கணக்கெடுப்பு 72 ஆண்டு கழித்துத்தான் வெளியாகும். 1950-ஆம் ஆண்டினுடையது 2022 ஏப்ரல் 1 அன்று தேசியக் காப்பகத்தின் தளத்திலேயே இலவசமாக வந்தது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே நூறு ஆண்டுக் காத்திருப்பு, 1921 கணக்கெடுப்பு வெளிவந்தபோது கட்டணத் தளம் ஒன்றின் வழியாகத்தான் வந்தது.

கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனவர்களைத் தேடுபவர்களுக்கு, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் பயணிகள் தொகுப்பு பெரிய துணை. அது ஓர் அறக்கட்டளை நடத்துவது, கணக்குத் தொடங்கினால் கப்பல் பயணிகள் பட்டியலின் படத்தைப் பார்க்கலாம். 1892 முதல் 1954 வரை சுமார் 1.2 கோடிப் பேர் அந்த வாயிலைக் கடந்தார்கள். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கேள்விகள் கூடிப்போய், பட்டியல் இரண்டு பக்கமாக விரிந்தது. தேடலில் வருவது பெயர் இருக்கும் இடது பக்கம் மட்டும்தான், பலர் அதைச் சேமித்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரிடம் போய்ச் சேருகிறார், அவரது முகவரி என்ன, உயரம் எவ்வளவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் வலது பக்கத்தில் இருக்கும். அடுத்த படத்துக்கு ஒரு சொடுக்குதான். அப்புறம், தீவில் இருந்த அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற குடும்பக் கதையை நம்பித் தேடலைக் குறுக்கிக்கொள்ள வேண்டாம். பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி, புறப்பட்ட துறைமுகத்திலேயே. தீவில் அதைச் சரிபார்க்க மட்டுமே செய்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் அதற்குப் பிறகு, அவர்களே மாற்றிக்கொண்டது.

இங்கே செலவு என்பது உழைப்புதான். ஒவ்வொரு காப்பகத்துக்கும் தேடல் முறை வேறு, மொழி வேறு, கையெழுத்து வேறு. சில இடங்களில் பதிவே எரிந்துபோயிருக்கும். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் எரிந்தது. அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் 1922-இல் அழிந்தது. இல்லாத ஒன்றை மாதக்கணக்கில் தேடாமல் இருக்க, எது எரிந்தது என்ற பட்டியலையும் ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேமிலிசர்ச்சின் ஆய்வு விக்கியில் நாடு வாரியாக இது எழுதியிருக்கிறது.

## ஒரே வகைப் பதிவுக்கான தளங்கள்

தன்னார்வலர்களும் சில அமைப்புகளும் ஒரு வகைப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு தொகுத்தவை. நல்ல கேள்வியோடு போனால் ஐந்து நிமிடத்தில் பதில், கேள்வி இல்லாமல் போனால் அலைச்சல்.

ஃப்ரீபிஎம்டி 1998-இலிருந்து இங்கிலாந்து, வேல்ஸின் பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைகளைத் தட்டச்சு செய்துவருகிறது. பதிவு தொடங்கிய 1837 முதல் உண்டு. கணக்கு வேண்டாம். ஆனால் அது தருவது அட்டவணை வரி மட்டும், அதாவது காலாண்டு, மாவட்டம், தொகுதி எண், பக்க எண். அந்தக் காலாண்டு பதிவு செய்த காலாண்டு. பிறந்து 42 நாளுக்குள் பதிந்தால் போதும் என்பதால் மார்ச் கடைசியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். தாயின் முந்தைய குடும்பப் பெயர் அந்த அட்டவணையில் 1911-இன் பிற்பகுதியிலிருந்துதான் வருகிறது. அதற்கு முந்தைய பிறப்புகளுக்கு, அரசுப் பதிவு அலுவலகம் தன் தளத்தில் புதிதாகத் தயாரித்த அட்டவணையைப் பாருங்கள். கணக்குத் தொடங்கித் தேடுவது இலவசம், தாயின் பெயர் 1837-இலிருந்தே இருக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு குழந்தைகளைப் பிரித்தறிய இதைவிட எளிய வழி கிடையாது. சான்றிதழின் நகல் வேண்டுமென்றால் மட்டும் பணம்.

கல்லறைகளுக்கு ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் இரண்டும் உண்டு. முன்னதில் ஆள் பலம் அதிகம். அந்த ஊர்ப் பக்கம் இருக்கும் தன்னார்வலரிடம் படம் எடுத்துத் தரும்படி கேட்கலாம், காசு வாங்காமல் போய் எடுத்துத் தருகிறார்கள், அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. பின்னதில் ஒவ்வொரு கல்லுக்கும் ஜிபிஎஸ் இருப்பிடம் பதிவாகியிருக்கும், பக்கத்துக் கல்லில் யார் என்று பார்க்க அது உதவும். எதுவானாலும் கல்லின் படத்தை நம்புங்கள், கீழே யாரோ எழுதிய வாழ்க்கைக் குறிப்பையும் உறவு இணைப்பையும் தனியாகச் சரிபாருங்கள். உடலை எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இந்த இரண்டும் அநேகமாகக் கைகொடுக்காது.

அப்படிப்பட்ட குடும்பங்களுக்கும் பயன்படும் ஒன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். கல்லறையே இல்லாதவர்களும் நினைவுச் சுவர்களில் பெயராக இருப்பதால் தேடலில் வருவார்கள். படைப்பிரிவு, படை எண், இறந்த நாள், சில பதிவுகளில் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் கிடைக்கும். போரில் இறந்தவர்களுக்கு மட்டும்தான், உயிரோடு திரும்பியவர்கள் இதில் இல்லை.

## எல்லோரும் சேர்ந்து வளர்க்கும் மரங்கள்

விக்கிட்ரீ, ஜெனி இரண்டும் உலகத்துக்கே ஒரு மரம் என்ற எண்ணத்தில் நடப்பவை. வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. விக்கிட்ரீயில் சேரும்போதே நடத்தை நெறிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், ஒவ்வொருவர் பக்கத்திலும் எங்கிருந்து இந்தத் தகவல் வந்தது என்று எழுத வேண்டும், 1700-க்கு முந்தையவர்களைத் தொட வேண்டுமென்றால் ஒரு சிறு தேர்வு உண்டு. இதெல்லாம் எரிச்சலாகத் தெரியலாம், ஆனால் அங்குள்ள பக்கங்கள் மற்ற மரங்களைவிட நம்பும்படி இருப்பதற்கு இதுதான் காரணம். தளம் முழுவதும் இலவசம், ஜெட்காமாக எடுத்துக்கொள்ளவும் முடியும். ஜெனி 2012 முதல் மைஹெரிட்டேஜ் என்ற கட்டணத் தளத்தின் கையில் இருக்கிறது. மரம் சேர்ப்பது இலவசம், வேகமாகவும் சேர்க்கலாம், மேம்பட்ட தேடல் வேண்டுமென்றால் கட்டணம்.

யாரோ தூரத்து உறவினர் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துவைத்திருந்தால் ஒரே நாளில் ஐந்து தலைமுறை கிடைத்துவிடும் என்பதுதான் இவற்றின் கவர்ச்சி. ஆபத்தும் அதுவேதான். ஒருவர் செய்த ஊகத்தை இருபது பேர் நகலெடுத்திருப்பார்கள், இருபது மரத்தில் ஒரே தேதி இருக்கிறதே என்று இருபத்தோராவது ஆள் நம்பிவிடுவார். ஆதாரம் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கே இன்னொரு மரத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது ஆதாரம் இல்லை. இந்த மரங்களைத் துப்பு கிடைக்கும் இடமாக வைத்துக்கொண்டால் நல்ல பயன். அந்த உறவினருக்கு ஒரு செய்தி அனுப்பி, இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் சில சமயம் வேறெங்கும் இல்லாத கடிதமோ குடும்பப் புகைப்படமோ வந்து சேரும்.

## பழைய செய்தித்தாள்கள்

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகிய நான்கும் இலவசம். கடைசியில் சொன்னதில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுகள் தராத ஒன்றை இவை தரும்: அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது. கடை திறந்த விளம்பரம், வழக்கு, பள்ளிப் பரிசு, கப்பல் ஏறுகிறவருக்கு நடந்த வழியனுப்பு விழா எல்லாம் அவற்றில் கிடக்கும்.

எழுத்துகளைக் கணினி படித்து உரையாக்கியிருப்பதால் பிழைகள் நிறைய. பெயர் கிடைக்காவிட்டால் தெருப் பெயரைப் போடுங்கள், தொழிலைப் போடுங்கள், கப்பல் பெயரைப் போடுங்கள். ட்ரோவில் இடப்பக்கம் கணினி படித்த உரையும் வலப்பக்கம் தாளின் படமும் இருக்கும், தவறான வரியை நீங்களே திருத்தலாம். ஒரு பெயரைத் திருத்தினால் அடுத்துத் தேடி வருபவருக்கு அது அகப்படும், ஒரு நிமிடம்தான் ஆகும், தயவுசெய்து செய்துவிட்டு வாருங்கள். பதிப்புரிமை காரணமாக ட்ரோவில் பெரும்பாலான செய்தித்தாள்கள் 1954 வரைதான்.

## கட்டணத் தளங்களின் இலவச வாசல்

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் போன்றவை மரம் போடுவதை இலவசமாக விட்டு, பதிவைத் திறப்பதற்குப் பணம் வாங்கும். இலவசச் சோதனைக் காலம் முடிந்தவுடன் சந்தா தானாகத் தொடங்கும், ரத்து செய்யும் நாளைக் கணக்குத் தொடங்கும்போதே குறித்துவைக்க வேண்டும். என் கருத்து: முதல் சில மாதங்களுக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள். இலவசத் தளங்களில் தேடி, எந்தத் தொகுப்பு இவர்களிடம் மட்டும் இருக்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு, கேள்விகள் சேர்ந்த பிறகு சோதனைக் காலத்தைத் தொடங்கினால் அந்த நாட்களை முழுதாகப் பயன்படுத்தலாம். அதற்கும் முன்னால் பக்கத்துப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், சில நூலகங்கள் இந்தத் தளங்களின் நூலகப் பதிப்பை வாசகர்களுக்கு இலவசமாகத் தருகின்றன.

| தளவகை | கிடைப்பது | மறைந்திருக்கும் செலவு | எப்போது முதலிடம் |
|---|---|---|---|
| ஃபேமிலிசர்ச் | படம், அட்டவணை, பொது மரம் | பூட்டிய படங்கள், பிறர் செய்யும் திருத்தங்கள் | நாடு, வட்டாரம் உறுதியில்லாதபோது |
| அரசுக் காப்பகம் | மூலத்தின் படம் | நேரம், மொழி, பழைய கையெழுத்து | ஊரும் காலமும் தெரிந்தபோது |
| ஒரே வகைத் தளங்கள் | அட்டவணை, கல்லின் படம் | மூல நகலுக்குத் தனிப் பணம் | ஒரே ஒரு கேள்வி இருக்கும்போது |
| கூட்டு மரங்கள் | பிறரின் முடிவு | நகலெடுத்த பிழைகள், தனியுரிமை | உறவினரைக் கண்டுபிடிக்க |
| செய்தித்தாள்கள் | வாழ்க்கைச் செய்திகள் | உரைப்பிழை, பொறுமை | பெயரும் தேதியும் கிடைத்த பிறகு |
| கட்டணத் தளங்கள் | துப்புகள், சில பதிவுகள் | தானாகத் தொடங்கும் சந்தா | கடைசியில், பட்டியலோடு |

## உங்கள் நிலைமைக்கு எது

ஊர் தெரியாது, பெயர் மட்டும் தெரியும் என்றால் ஃபேமிலிசர்ச்சில் தொடங்கி, கிடைத்த ஊரை வைத்துக்கொண்டு அந்த நாட்டின் காப்பகத்துக்குப் போங்கள். ஊர் தெரிந்தால் நேராகக் காப்பகம்தான், ஃபேமிலிசர்ச்சை அதில் இல்லாத ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் சிதறிப்போய், எங்கோ ஒரு கிளை உயிரோடு இருக்கிறது, அவர்களைத்தான் தேடுகிறேன் என்பவர்களுக்கு விக்கிட்ரீயோ ஜெனியோதான் முதலில், ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் பதில் எழுதுகிறவர்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், சம்மதம் வாங்கிக்கொண்டு கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். தளம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

எந்தத் தளத்தில் தேடினாலும் முதன்மை மரம் உங்கள் கணினியில் இருக்கட்டும். கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலே ஓடும், ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரத்தைத் தனியாகச் சேர்க்க இடம் தரும். பழக ஒரு வாரமாவது ஆகும், தோற்றமும் அவ்வளவு கவர்ச்சி இல்லை, ஆனால் உயிரோடு இருப்பவர்களின் தகவல் வீட்டை விட்டு வெளியே போகாது. பொது மரங்களில் இறந்தவர்களை மட்டும் ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை ஜெட்காமாக ஒரு நகல் எடுத்து வேறொரு இடத்திலும் வையுங்கள். சாதாரண ஜெட்காம் கோப்புக்குள் படங்கள் வராது, அதனால் பதிவுகளின் படங்களுக்குத் தனி அடைவு வேண்டும். ஒவ்வொரு கோப்புப் பெயரிலும் ஆண்டு, ஊர், ஆளின் பெயர், எந்தப் பதிவேடு, எத்தனையாவது பக்கம் என்பது இருக்கட்டும். படத்தை இறக்கிய தளத்தின் முகவரியையும் இறக்கிய தேதியையும் அந்தந்த ஆளின் குறிப்பில் அப்போதே எழுதிவிடுங்கள்.